டிரம்மா, சிலிண்டரா, பைப்பா, செங்கலா? ஏற்காட்டுப் பட்டறைக்கு எந்த விறகடுப்பு

கார்த்திகை பிறந்ததும் ஏற்காட்டிலிருந்து ஒரே மாதிரிக் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். நாகலூர்ப் பக்கம் தச்சுப் பட்டறை வைத்திருப்பவர், காப்பித் தோட்டத்துக் கொட்டகையில் மரக்கடைசல் செய்பவர், டவுனில் பைக் மெக்கானிக் கடை வைத்திருப்பவர் என்று ஆள்தான் வேறு. காலையில் கை விறைத்துப் போகிறது, ஸ்பேனர் ஐஸ் மாதிரி இருக்கிறது, பூசிய ஃபெவிகால் இறுக மாட்டேன் என்கிறது. "பழைய ஆயில் டிரம் ஒண்ணு சும்மா கெடக்கு, அதை வெட்டி அடுப்பு பண்ணிடலாமா? இல்ல, கேஸ் சிலிண்டர்ல செஞ்சா நல்லா இருக்குமா?"

அடுப்பின் உடம்பு சும்மா கிடைத்துவிட்டால் செலவில் முக்கால்வாசி மிச்சம் என்ற நினைப்பு இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. உண்மையில் உடம்புதான் இதில் மலிவான பாகம். பணமும் ஆபத்தும் புகைபோக்கியிலும், அந்த இரும்பு இதற்கு முன் எதைச் சுமந்தது என்பதிலும், விறகின் ஈரத்திலும்தான் இருக்கின்றன. அதனால் டிரம், சிலிண்டர், கனமான பைப், செங்கல் என்ற நான்கையும், அடுப்பே வைக்காமல் விடுவது என்ற ஐந்தாவது வழியையும் ஒரே அளவுகோலில் பார்க்கலாம். சேலத்துக்காரர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம். அடிவாரத்தில் இருப்பவர்களுக்குத் தேவை ஃபேன்தான், தெரியும்.

## முதலில், எவ்வளவு சூடு வேண்டும்?

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாதக் காலைகளில் 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் இருக்கும். சில விடியல்களில் அதற்கும் கீழே போகும். ஆனால் பதினொரு மணிக்கு வெயில் ஏறிவிட்டால் ஸ்வெட்டரைக் கழற்றிவிடுவோம். ஐப்பசி, கார்த்திகை கதை வேறு. நாள் முழுக்க மூடுபனி, அவ்வளவு குளிர் இல்லை, ஆனால் ஈரம் விடாது.

ஆக, இங்கே வேண்டியது காலையில் சீக்கிரம் சூடேறி, மூன்று நான்கு மணி நேரம் எரிந்து, அப்புறம் அணைந்துவிடும் அடுப்பு. குளிர் நாடுகளில் இரவு பகலாக எரியும் அடுப்புகளின் வீடியோவைப் பார்த்து அளவு முடிவு செய்பவர்கள் தேவைக்கு இரண்டு மூன்று மடங்கு பெரிதாகக் கட்டிவிடுகிறார்கள்.

ஒரு தோராயக் கணக்கு. 20 அடிக்கு 15 அடி அறை, 10 அடி உயரம், ஷீட் கூரை, செங்கல் சுவர். வெளியைவிட உள்ளே 10 டிகிரி கூடுதலாக வேண்டும். கூரை வழியாகவும் சுவர் வழியாகவும் சந்துகள் வழியாகவும் தப்பிக்கும் சூட்டை ஈடுகட்ட 4 முதல் 4.5 கிலோவாட் போதும். காய்ந்த விறகு ஒரு கிலோ எரிந்தால் சுமார் 4 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சூடு வெளிவரும். கையால் செய்த அடுப்பு அதில் பாதியை அறைக்குத் தந்தாலே நல்ல அடுப்பு. அப்படியானால் மணிக்கு இரண்டு கிலோ விறகு, கொஞ்சம் முன்பின். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டிரம்முக்கு எதிரான என் வாதம் முழுக்க இதில்தான் நிற்கிறது.

## எதை வைத்து எடைபோடுவது

இரும்பின் முந்தைய வாழ்க்கைதான் முதல் கேள்வி. எண்ணெய், கேஸ், பூச்சிமருந்து, தின்னர் என எது உள்ளே இருந்ததோ அது வெட்டும்போதும் முதல் தீயிலும் வெளியே வரும். அடுத்தது தகட்டின் கனம். 1 மி.மீ. தகடும் 6 மி.மீ. தகடும் ஒரே தீயில் ஒரே காலம் நிற்காது. மூன்றாவது, அடுப்பின் அளவு அறையின் தேவைக்குப் பொருந்துகிறதா என்பது. பெரிய அடுப்பில் சின்னத் தீ புகையும், சின்ன அடுப்பில் நல்ல தீ எரியும். நான்காவது, எவ்வளவு சீக்கிரம் சூடேறுகிறது. கடைசியாக எடை. சேலத்தில் வாங்கினால் 20 கொண்டை ஊசி வளைவு ஏற்றிக்கொண்டு போக வேண்டும். முப்பது நாற்பது கிலோ என்றால் யாரையாவது கெஞ்சி ஜீப்பில் போட்டுவிடலாம். ஒரு டன் செங்கல் என்றால் சின்ன யானை வண்டி பிடிக்க வேண்டும், வாடகை தனி.

ரூபாய்க் கணக்கு எழுதவில்லை. பழைய இரும்பு விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது. எடையைச் சொல்கிறேன், அன்றைய விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: திரும்பப் பயன்படும் நல்ல துண்டை எந்தப் பழைய இரும்புக் கடைக்காரரும் உடைசல் விலைக்குத் தரமாட்டார்.

## 200 லிட்டர் டிரம்

சுலபமாகக் கிடைக்கிறது, வெட்ட ஒரு கிரைண்டர் போதும், தூக்க இரண்டு பேர் போதும். 57, 58 செ.மீ. குறுக்களவு, 88 செ.மீ. உயரம், காலி எடை 20 கிலோவுக்குள். நிறையப் பேர் இதிலேயே நிற்பதில் ஆச்சரியமில்லை.

முதல் சிக்கல் தகடு. பெரும்பாலான டிரம்கள் 1 மி.மீ. அளவுதான், சிலவற்றில் 1.2. தினமும் எரித்தால் அடிப்பாகமும் புகைபோக்கி சேரும் இடமும் சில பருவங்களில் அரித்து ஓட்டையாகும். அடியில் இரண்டு அங்குலம் மணல் கொட்டி, பக்கத்தில் செங்கல் அடுக்கினால் ஆயுள் நீளும். கதவு இன்னொரு தலைவலி. டிரம்மில் வெட்டிய துண்டையே கீல் போட்டுக் கதவாக்குவார்கள். இரண்டாவது தீயிலேயே அது நெளிந்துகொள்ளும். கதவு மூடாத அடுப்பில் காற்றைக் கட்டுப்படுத்த முடியாது. விறகு தன் இஷ்டத்துக்கு எரியும்.

பெரிய சிக்கல் அளவுதான். அடுப்பின் மேற்பரப்பு 250 டிகிரிக்கு வந்தால் விறகு சுத்தமாக எரிகிறது என்று வைத்துக்கொள்ளலாம். டிரம்முக்கு சுமார் 2 சதுர மீட்டர் மேற்பரப்பு. அது முழுக்க 250 டிகிரியில் இருந்தால் அறைக்குள் 11 கிலோவாட் கொட்டும். உங்களுக்கு வேண்டியது நாலரை. அறை கொதிக்கிறதே என்று காற்றை அடைப்பீர்கள். தீ அடங்கிப் புகையும், புகைபோக்கியில் தார் படியும். டிரம் வைத்தவர்கள் "விறகு சரியில்லை" என்று புலம்புவதில் பாதி இந்த அளவுப் பிழை.

டிரம் சரியாக வரும் இடமும் உண்டு. 40 அடி நீளக் கொட்டகை, ஒரு பக்கம் திறந்தே கிடக்கிறது, நான்கைந்து பேர் வேலை செய்கிறார்கள் என்றால் அந்த 11 கிலோவாட் வீண்போகாது. இல்லாவிட்டால் டிரம்மைப் படுக்க வைத்து, உள்ளே செங்கல் அடுக்கித் தீப்பெட்டியை, அதாவது விறகு எரியும் அறையை, சுருக்க வேண்டும். அதைச் செய்யப் பொறுமை இருப்பவர் பைப்பிலேயே செய்துவிடலாம்.

எண்ணெய் டிரம்மையும் காலி என்று நம்பி வெட்டக் கூடாது. அடியில் ஒட்டியிருக்கும் எண்ணெய் சூட்டில் ஆவியாகி, தீப்பொறி பட்டால் மூடி பறக்கும். மேலே உள்ள இரண்டு திருகு மூடிகளையும் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி, வெட்டும் கோடுவரை தண்ணீர் நிரப்பிய பிறகே கிரைண்டரைத் தொடுங்கள். பூச்சிமருந்து, தின்னர், பெயர் தெரியாத கெமிக்கல் வந்த டிரம் என்றால் கழுவிக்கூட வேண்டாம், விட்டுவிடுங்கள்.

## கேஸ் சிலிண்டர்

நேர்மையாகச் சொன்னால் அளவில் இதைக் குறை சொல்ல முடியாது. 14.2 கிலோ வீட்டு சிலிண்டர் சுமார் 32 செ.மீ. குறுக்களவு, சின்னப் பட்டறைக்குத் தைத்த சட்டை மாதிரி. வளைந்த முனைகள் சூட்டில் நெளியாது. தகடு 3 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு, டிரம்மைவிட மூன்று மடங்கு கனம். உலகம் முழுக்க இதில் அடுப்பு செய்கிறார்கள்.

நம் ஊரில் செய்யக் கூடாது என்பதற்கு இரண்டு காரணங்கள். வீட்டுக்கு வரும் சிலிண்டர் உங்களுடையது அல்ல. டெபாசிட் கட்டி வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்; சொந்தக்காரர் எண்ணெய் நிறுவனம். பழைய இரும்புக் கடையில் முழுசாகக் கிடக்கும் சிலிண்டர் எப்படி அங்கே வந்தது என்ற கேள்விக்கு நல்ல பதில் கிடைப்பது கஷ்டம். கழிக்கப்பட்ட சிலிண்டரை நசுக்கியோ துண்டாக்கியோதான் வெளியே விட வேண்டும் என்று விதி இருக்கிறது.

இரண்டாவது காரணம் உள்ளே இருப்பது. வால்வைத் திறந்து சத்தம் நின்றுவிட்டால் காலி என்று அர்த்தமில்லை. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, அடியிலேயே தங்கும். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே பற்றும். ரசாயன வாடைக்காகச் சேர்க்கும் பொருளும் எண்ணெய்ப் படிவும் உள்சுவரில் ஒட்டியிருக்கும். வால்வைக் கழற்றி, வாய்வரை தண்ணீர் நிரப்பி வெட்டும் முறை ஒன்று உண்டு. அதை முழுசாகச் செய்யும் பொறுமை எல்லோருக்கும் இருப்பதில்லை, ஒரு தடவை அரைகுறையாகச் செய்தாலே போதும்.

அளவு பிடித்திருந்தால் மாற்று ஒன்று சொல்கிறேன்: பஞ்சர் கடையிலிருந்து கழித்த ஏர் கம்ப்ரெசர் தொட்டி. அதே உருளை வடிவம், அதே வளைந்த முனைகள், உள்ளே இருந்தது காற்றும் கொஞ்சம் கம்ப்ரெசர் எண்ணெயும்தான். அடியில் துரு பிடித்து அரித்ததால்தான் கழித்திருப்பார்கள். அதனால் சுத்தியலால் தட்டிப் பார்த்து, மெலிந்த பக்கத்தை வெட்டிக் கதவுக்கு ஒதுக்குங்கள். இதிலும் எல்லா அடைப்பையும் கழற்றி, தண்ணீர் நிரப்பித்தான் வெட்ட வேண்டும். உள்ளே எண்ணெய் ஆவி இருக்கும்.

## கனமான பைப்

என் ஓட்டு இதற்குத்தான். 12 அங்குல எம்.எஸ். (சாதாரண இரும்பு) பைப், 6 மி.மீ. கனம், 60 செ.மீ. நீளத் துண்டு, படுக்க வைத்தது. எடை 30 கிலோ. இரண்டு முனைக்கும் 6 மி.மீ. வட்டத் தகடு போட்டால் இன்னும் 8 கிலோ. கால், கீல், உள்தகடு எல்லாம் சேர்த்து 45 கிலோவுக்குள் முடிந்துவிடும். மேற்பரப்பு முக்கால் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். 250 டிகிரியில் சுமார் 4 கிலோவாட் தரும். மேலே போட்ட கணக்கோடு அப்படியே பொருந்துகிறது பாருங்கள்.

முனைத்தகடு தட்டையாக இருப்பதால் கதவும் தட்டையாகவே வரும். அதில் ஃபைபர் கிளாஸ் கயிறு ஒட்டி இறுக்கினால் காற்று கசியாது. கதவில் இரண்டு துளை, அதை மூடித் திறக்க ஒரு தகடு. தீயின் கடிவாளம் அதுதான். அடியில் சல்லடைத் தட்டு தேவையில்லை. விறகு சாம்பல் மேல்தான் நன்றாக எரியும், ஓர் அங்குலச் சாம்பலை எப்போதும் விட்டுவையுங்கள்.

பலரும் விட்டுவிடுவது உள்தகடு. புகைபோக்கி வாய்க்கு நான்கு அங்குலம் கீழே, பின்பக்கத்திலிருந்து முக்கால் நீளத்துக்கு ஒரு 6 மி.மீ. தகட்டைக் கிடையாக வையுங்கள். தீ நேராகப் புகைபோக்கிக்குள் ஓடாமல் முன்பக்கம் வந்து சுற்றிப் போகும். விறகு அதே விறகுதான், அறைக்குக் கிடைக்கும் சூடு கூடும். இந்தத் தகடுதான் முதலில் தேயும். அதனால் வெல்டிங் போடாமல் ஆங்கிள் துண்டின் மேல் சும்மா வையுங்கள், மாற்றிக்கொள்ளலாம்.

மறைமுகச் செலவு வெட்டுவதிலும் வெல்டிங்கிலும் இருக்கிறது. 6 மி.மீ. வட்டத்தைக் கிரைண்டரில் வெட்டினால் வீல் தீரும், கேஸ் கட்டிங்கில் கொடுப்பது மேல். உங்களிடம் வெல்டிங் மெஷின் இல்லையென்றால் சேலத்திலேயே செய்து முடித்து ஏற்றிவிடுங்கள்.

திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் தொழிலில் கழியும் கேசிங் பைப் (துளைக்குள் இறக்கும் குழாய்) கிடைக்குமே என்று சிலர் கேட்பார்கள். வழக்கமாகக் கிடைக்கும் 7 அங்குலம் தீப்பெட்டிக்கு ஒடுக்கம். அதோடு ஜி.ஐ. பூச்சு, அதாவது துத்தநாகப் பூச்சு, உள்ளதா என்று பார்க்க வேண்டும். துத்தநாகம் 419 டிகிரியில் உருகும், 907இல் ஆவியாகும். வெல்டிங் போடும்போது வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் அன்று ராத்திரியே குளிர்காய்ச்சல் அடிக்கும். எந்த ஜி.ஐ. பொருளையும் அடுப்பின் உடம்புக்கு எடுக்காதீர்கள்.

ஸ்டெயின்லெஸ் தகட்டில் உடம்பு செய்யலாமா என்றும் கேள்வி வரும். ஸ்டீல் பிளான்ட் இருக்கும் ஊரில் துண்டுத் தகடுகள் கண்ணில் படாமல் போகாது. ஆனால் சாதாரண இரும்பைவிட ஸ்டெயின்லெஸ் சூட்டைக் கடத்துவது குறைவு, விரிவது அதிகம், அதனால் நெளியும். உடம்புக்கு இரும்பு, புகைபோக்கிக்கு ஸ்டெயின்லெஸ் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

## செங்கல், மண் அடுப்பு

ராக்கெட் அடுப்பு என்று சொல்கிறார்களே, அந்த வகை. சின்னத் தீப்பெட்டியில் வேகமான தீ, அதன் சூட்டை நீளமான செங்கல் திண்ணை வழியாக ஓடவிட்டு மெதுவாக வெளியே விடுவது. விறகுச் சிக்கனத்தில் இதை எதுவும் தொடமுடியாது. ஒரு டன் செங்கல் 30 டிகிரி சூடேறினால் 7 யூனிட் சூடு உள்ளே சேமிப்பில் இருக்கும், இரவு முழுக்கக் கசியும்.

அந்தச் சேமிப்புதான் ஏற்காட்டுக்குப் பொருந்தாத இடமும். ஏழு மணிக்கு மூட்டினால் திண்ணை சூடேறிக் கைக்குத் தெரிய பத்து, பதினொன்று ஆகும். அதற்குள் வெயில் வந்துவிடும். காலையில் மூன்று மணி நேரம் மட்டும் சூடு வேண்டியவருக்கு இது தப்பான அடுப்பு. மாலையில் ஒட்டிய பலகை இரவு முழுக்க மிதமான சூட்டில் இருக்க வேண்டும், கடைசல் மரம் மெதுவாகக் காய வேண்டும், பட்டறையை ஒட்டியே வீடு இருக்கிறது என்றால் இதுதான் முதல் தேர்வு. கட்டடம் சொந்தமாக இருக்க வேண்டும். வாடகைக் கொட்டகையில் ஒரு டன் திண்ணையைக் கட்டி என்ன செய்வது?

தீப்பெட்டிக்கு ஃபயர் பிரிக், அதாவது தீயைத் தாங்கும் செங்கல், வேண்டும். சூளைச் செங்கல் சில மாதங்களில் உதிரும். சேலம் வெள்ளைக்கல்லுக்குப் பேர்போன ஊர், கருப்பூர்ப் பக்கம் குன்றுகளே அதுதான். அதிலிருந்து செய்யும் மேக்னசைட் செங்கல் உலைகளுக்குப் போகிறது. பழைய உலைச் செங்கல் கிடைக்கிறதே என்று அதை வாங்கிவிடாதீர்கள். கல் ஒன்று ஐந்தரைக் கிலோவுக்கு மேல் கனக்கும், சூட்டை வேகமாக வெளியே கடத்தும், ஈரத்தை உறிஞ்சி வெடிக்கும். ஏற்காட்டு மூடுபனியில் அது எத்தனை நாள் நிற்கும்? குரோம் கலந்த பழைய உலைக்கல் என்றால் உடைக்கும்போது வரும் தூளே விஷம். சாதாரண ஃபயர் கிளே செங்கல், கல் நாலு கிலோ, அதுதான் வேண்டும்.

## அடுப்பே இல்லாமல்

மெக்கானிக் நண்பருக்கு என் பதில் இதுதான்: வேண்டாம். பெட்ரோல் தட்டில் கார்புரேட்டர் ஊறிக்கொண்டிருக்கும் அறையில் எந்த விறகடுப்பும் வேண்டாம். பெட்ரோல் ஆவி தரையோடு தவழ்ந்து அடுப்பைத் தேடிப் போகும். தின்னர் ஸ்பிரே அடிக்கும் பாலிஷ் அறைக்கும் இதே பதில். சிவந்து எரியும் கம்பி இல்லாத, எண்ணெய் நிரப்பிய மின்சார ரேடியேட்டரைக்கூட ஒரு சுவர் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் வேலையை வாசல் திறந்திருக்கும்போது செய்யுங்கள்.

மற்றவர்களுக்கும் ஒரு யோசனை. ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள அலை வடிவச் சந்துகளைச் சிமெண்டால் அடைத்துப் பாருங்கள். தப்பிக்கும் சூட்டில் நல்ல பங்கு அந்த வழிதான். அதன் பிறகு 2 கிலோவாட் ஹீட்டர் ஒன்றே உங்களுக்குப் போதுமாகத் தோன்றலாம். மணிக்கு 2 யூனிட், காலையில் மூன்று மணி நேரம், வருஷத்தில் இரண்டு மூன்று மாதம். கடைக் கரண்ட் கட்டணத்தில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் வெல்டிங் ராடு வாங்குங்கள்.

டீக்கடைகளில் இருந்த மரத்தூள் அடுப்பு சிலருக்கு ஞாபகம் வரும்: டின்னில் தூளைத் திணித்து நடுவில் துளை விட்டு மூட்டுவது. தச்சுப் பட்டறையில் தூளுக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் அதற்குப் புகைபோக்கி கிடையாது. மூடிய அறைக்குள் அது கார்பன் மோனாக்சைடை விடும். வாசனை இல்லை, கண்ணும் எரியாது, தலை கனக்கும்போது எழுந்து நடக்கத் தெம்பிருக்காது. கரி அடுப்பும் அப்படியே.

## ஒரே பார்வையில்

| | டிரம் | கேஸ் சிலிண்டர் | 12 அங்குல பைப் | செங்கல் திண்ணை | மின்சார ஹீட்டர் |
|---|---|---|---|---|---|
| தகட்டின் கனம் | சுமார் 1 மி.மீ. | 3 மி.மீ.க்குள் | 6 மி.மீ. | பொருந்தாது | பொருந்தாது |
| எடை | 20 கிலோ, செங்கல் தனி | 15, 16 கிலோ | 45 கிலோவுக்குள் | ஒரு டன் அளவு | தூக்கிப் போகலாம் |
| சூடேறும் நேரம் | மிக வேகம் | வேகம் | அரை மணிக்குள் | மூன்று நான்கு மணி | உடனே |
| 300 சதுர அடிக்கு அளவு | மிகப் பெரிது | சரி | சரி | சரி, ஆனால் தாமதம் | பாதி |
| வெட்டும் ஆபத்து | உண்டு | மிக அதிகம் | இல்லை | இல்லை | இல்லை |
| மறைமுகச் செலவு | சீக்கிரம் மாற்றுவது | சட்டச் சிக்கல் | வெட்டும் கூலி | ஏற்றுக்கூலி, இடம் | மாதாந்திர பில் |
| யாருக்கு | பெரிய திறந்த கொட்டகை | யாருக்கும் வேண்டாம் | சின்ன மூடிய பட்டறை | சொந்தக் கட்டடம், இரவுச் சூடு | பெட்ரோல், தின்னர் இடம், ஒரு சுவர் தள்ளி |

## புகைபோக்கி

நான்கில் எதை எடுத்தாலும் இந்தச் செலவு தப்பாது. பைப் அடுப்புக்கு 5 அங்குலம், டிரம்முக்கு 6 அங்குலம். அடுப்பின் தலையிலிருந்து 15 அடிக்குக் குறையக் கூடாது. ஏற்காட்டு உயரத்தில் காற்று கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 15 சதவீதம் மெலிது, புகையை மேலே இழுக்கும் இழுவையும் அந்த அளவுக்குக் குறையும். அதனால் இரண்டடி கூடுதலாகவே வைக்கலாம். கூரையைத் துளைத்து வெளியே வரும் இடத்திலிருந்து 3 அடியாவது மேலே நிற்க வேண்டும். பத்தடிக்குள் இருக்கும் கூரை முகடு, சுவர் எதைவிடவும் 2 அடி உயரமாக இருக்க வேண்டும். வளைவு இரண்டுக்கு மேல் வேண்டாம்.

5 அங்குலம், 1 மி.மீ. ஸ்டெயின்லெஸ், 16 அடி என்றால் சுமார் 16 கிலோ. கிலோவுக்கு ஸ்டெயின்லெஸ் விலை பழைய இரும்பைப் போலப் பல மடங்கு. ஆக, அடுப்பைவிடப் புகைபோக்கிக்குத்தான் காசு கூடுதல். கறுப்பு இரும்பில் போட்டால் மலிவு. ஆனால் உள்ளே புகைநீர், வெளியே மூடுபனி என்று இரண்டு பக்கமும் அரிக்கும். சாக்கடைக்குப் போடும் சிமெண்ட் ஆஸ்பெஸ்டாஸ் குழாயைச் சிலர் புகைபோக்கியாக நிறுத்துகிறார்கள். சூட்டில் அது பட்டென்று வெடித்துச் சிதறும்.

ஏற்காட்டில் நிறையக் கொட்டகைகளுக்குக் கூரையே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்தான். அதில் கிரைண்டர் போட்டுத் துளைக்காதீர்கள், அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. அந்த ஒரு ஷீட்டை மட்டும் முழுசாகக் கழற்றி, இரும்பு ஷீட் போட்டு அதில் துளையிடுங்கள். இல்லாவிட்டால் செங்கல் சுவர் வழியாக வெளியே கொண்டுவந்து மேலே ஏற்றுங்கள். வளைவு கூடும், வெளியே நிற்கும் குழாய் குளிர்ந்து இழுவை கொஞ்சம் குறையும், ஆனாலும் தேவலை.

அடுப்புக்கும் மரம், பிளைவுட், தூள் மூட்டைக்கும் நடுவே மூன்றடி. இடமில்லை என்றால் சுவரில் ஓர் அங்குல இடைவெளி விட்டு ஒரு தகட்டை நிறுத்துங்கள்; தகட்டுக்குப் பின்னால் காற்று ஏறி இறங்க வழி இருந்தால் ஒன்றரை அடிவரை நெருங்கலாம். தரையில் செங்கல் பரப்புங்கள். தண்ணீர் வாளி, மணல் வாளி, தீயணைப்பான் மூன்றையும் வாசல் பக்கம் வையுங்கள், அடுப்பின் பக்கம் அல்ல.

## விறகு

பச்சை விறகில் பாதி எடை தண்ணீர். அதை ஆவியாக்கவே தீ தன் சூட்டைச் செலவழிக்கும். கிலோவுக்குக் கிடைக்கும் சூடு காய்ந்த விறகில் பாதிதான், அரைகுறையாக எரிந்த புகை புகைபோக்கியில் தாராகப் படியும். அந்தத் தார் ஒரு நாள் பற்றினால் கூரைக்கு மேலே தீ நிற்கும். டிரம்மா பைப்பா என்பதைவிட இது பெரிய விஷயம்.

தை, மாசியில் பிளந்து, பங்குனி சித்திரை வெயிலில் காயவிட்டு, மேலே கூரையும் பக்கத்தில் திறப்பும் உள்ள இடத்தில் அடுக்கினால்தான் அடுத்த மார்கழிக்கு உதவும். மழைக்காலத்தில் வாங்கிய விறகை அந்த வருஷமே எரிக்க நினைக்காதீர்கள். காப்பிச் செடியைக் கவாத்து செய்யும்போது கிடைக்கும் கட்டை அருமையான விறகு, கனமாக, நிதானமாக எரியும். சில்வர் ஓக் லேசு, மூட்ட நல்லது, நின்று எரியாது. தைலமரத்தைப் பச்சையிலேயே பிளந்துவிடுங்கள், காய்ந்தால் கோடாரி ஏறாது. காட்டில் பொறுக்கப் போகாதீர்கள், வனத்துறை நிற்க வைத்துக் கேட்கும். எஸ்டேட்டிலும் மரம் அறுக்கும் மில்லிலும் கேட்டு வாங்கலாம். பட்டறையில் விழும் பிளைவுட் துண்டு, பெயின்ட் அடித்த பழைய கதவு இவற்றை அடுப்பில் போட வேண்டாம், பசையும் பெயின்ட்டும் எரிந்த புகை உங்கள் நெஞ்சுக்குத்தான் வரும். மரத்தூளைக் கை நிறைய அள்ளித் தீயில் வீசினால் குப்பென்று முகத்துக்கு வரும். அதை எருக்குழியில் கொட்டுங்கள்.

## யாருக்கு எது

300 சதுர அடிக்குள் தச்சு, கடைசல், பொருத்து வேலை, காலையில் மட்டும் குளிர் என்றால் கனமான பைப். வெல்டிங்குக்கு ஆள் இல்லை, பைப் துண்டும் கிடைக்கவில்லை என்றால் கம்ப்ரெசர் தொட்டி. பெரிய திறந்த கொட்டகை, டிரம் உங்களிடமே இருக்கிறது, உள்ளே என்ன இருந்தது என்பதும் நிச்சயமாகத் தெரியும் என்றால் டிரம், உள்ளே செங்கல் அடுக்கி. சொந்தக் கட்டடம், இரவிலும் சூடு வேண்டும் என்றால் செங்கல் திண்ணை. பெட்ரோல், தின்னர் புழங்கும் இடம் என்றால் ஒரு சுவர் தள்ளி மின்சாரம், அல்லது நல்ல ஸ்வெட்டர்.

எதைச் செய்தாலும் காசைப் புகைபோக்கிக்கு முதலில் ஒதுக்கிவிட்டு, மீதியில் உடம்பைத் தேடுங்கள். அடுப்பு தயாரானதும் முதல் இரண்டு மூன்று தீயைப் பட்டறைக்கு வெளியே, வெட்டவெளியில், இரண்டு துண்டுக் குழாயை மட்டும் மாட்டி எரியுங்கள். பழைய பெயின்ட்டும் எண்ணெயும் நாற்றமடித்து எரிந்து முடியட்டும். வெல்டிங்கில் எங்கே புகை கசிகிறது என்பதும் அப்போதே தெரிந்துவிடும். அந்த இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்துவைத்து, ஆறிய பிறகு மறுபடி ராடு ஓட்டிவிட்டு உள்ளே எடுத்துப் போங்கள்.